சிக்கிய துப்பாக்கி வெறுந்துப்பாக்கி அல்ல

ஊவா மாகாணத்தின் பயிர்ச்செய்கையாளர்களிடம் அவர்களின் முதற் பகைவன் யார் என்று வினவினால், பசறையிலும் சரி வெலிமடையிலும் சரி, காட்டுப்பன்றி என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். கைவிடப்பட்ட தேயிலை மலைகள் பற்றைக்காடுகளாகிவிட்ட இடங்களில் அவை பெருகுகின்றன. லயன் அறைகளுக்குப் பின்னால் தோட்டத் தொழிலாளி வளர்க்கும் மரவள்ளியையும், குருத்தலாவையில் முஸ்லிம் விவசாயி கடன்பட்டு நட்ட உருளைக்கிழங்கையும் அவை ஒரே இரவில் கிளறி எறிந்துவிட்டுப் போகின்றன. பயிர்களை அழிக்கும் விலங்குகளை 2025 மார்ச் 15 அன்று நாடளாவிய ரீதியில் ஐந்தே நிமிடங்களில் கணக்கெடுக்க அரசாங்கம் முனைந்ததே, இப்பிரச்சினை எந்த அளவுக்கு முற்றிவிட்டது என்பதற்குச் சான்றாகும்.

பயிரைக் காக்க வேண்டிய இத்தேவையே மலைநாட்டின் வீடுகளுக்குள் துப்பாக்கியைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அனுமதிப்பத்திரத்துடன் வருவதும் உண்டு. அது இல்லாமல் வருவதும் உண்டு. துப்பாக்கியை வைத்திருப்பது சரியா பிழையா என்ற விவாதம் இந்தக் கட்டுரையின் நோக்கமன்று. வைத்திருக்கும் துப்பாக்கி ஒருநாள் இயங்க மறுத்துச் சிக்கிக்கொள்ளும்போது என்ன நிகழ்கிறது, அப்போது எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதையே இங்கு விளக்க விரும்புகின்றோம். வெடிக்கும் துப்பாக்கிக்கு எல்லோரும் அஞ்சுகிறார்கள். சிக்கிய துப்பாக்கிக்கு எவரும் அஞ்சுவதில்லை. ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

ஊவாவுக்கும் துப்பாக்கிக்குமான உறவு புதியதன்று. 1840களில் பதுளையில் ஆங்கிலேய ஆட்சியின் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ், ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று கூறப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். பதுளை நகரிலுள்ள புனித மார்க்கு ஆலயம் அவரது நினைவாகவே எழுப்பப்பட்டது. அவர் காலத்துத் துப்பாக்கிகள், வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாக இட்டு இடித்து நிரப்பும் வகையைச் சேர்ந்தவை. எம்மவர் இன்றும் இடியன் துவக்கு என்று அழைப்பது அவற்றின் வழிவந்த நாட்டுத் துப்பாக்கியையே.

அதன் பின்னர் வந்த தோட்டத் துரைமார் தமக்கென ஒரு படையணியையே வைத்திருந்தனர். 1900இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையணி 1949 வரை நிலைத்திருந்தது. துரையின் பங்களாவில் துப்பாக்கி இருந்தது. தொழிலாளியின் லயத்தில் கவ்வாத்துக் கத்தி மட்டுமே இருந்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் துப்பாக்கி வைத்திருப்பதை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியது. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஊவா இரு கிளர்ச்சிகளைக் கண்டது. 1971 ஏப்ரல் 5 அதிகாலையில் மொனராகலை மாவட்டத்தின் வெல்லவாய பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டதுடனேயே முதற் கிளர்ச்சி வெளிப்பட்டது. 1987 முதல் 1989 வரையிலான இரண்டாவது கிளர்ச்சியின்போது, அனுமதிப்பத்திரம் பெற்றவர்களின் துப்பாக்கிகள் வீடு தேடிவந்து பறிக்கப்பட்டன. இவ்வாறு கைமாறிய ஆயுதங்கள் யாவும் உரியவரிடமோ அரசிடமோ திரும்பிவிட்டன என்று எவரும் உறுதி கூற முடியாது.

இனி, துப்பாக்கி சிக்குவது எவ்வாறு என்பதைப் பார்ப்போம். தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை. வெளியே கோது, அதனுள் வெடிமருந்து, முன்னே குண்டு அல்லது சன்னம், பின்னே தட்டினால் தீப்பற்றும் கேப். தோட்டா அமரும் அறை குழலின் பின்முனையில் இருக்கிறது. அந்த அறையின் வாயைப் பின்னாலிருந்து இறுக அடைத்து நிற்கும் இரும்புத் துண்டையே போல்ட் என்கிறோம். சுடும் கணத்தில் எழும் பேரழுத்தம் சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயாமல் தடுக்கும் கதவு அதுவே. கோதினைக் கவ்வி வெளியே இழுக்கும் சிறு கொக்கியும் அதன் முனையிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது.

பழைய பொலிஸ் துப்பாக்கியான .303 போன்றவற்றில் ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அரைத் தன்னியக்கத் துப்பாக்கியிலோ, வெடித்த மருந்தின் வாயு அல்லது பின்னுதைப்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. போல்ட் தானே பின்னால் ஓடி வெற்றுக் கோதை எறிந்து, சுருள்வில்லின் விசையால் முன்னே பாயும்போது மகசினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்து அறைக்குள் நுழைத்துவிடும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு வெடி. ஆனால் அடுத்த வெடி எப்போதும் ஆயத்த நிலையில் இருக்கும். ரி-56 துப்பாக்கியையும் இவ்வாறு ஒவ்வொன்றாகச் சுடும்படி மாற்றியமைக்கலாம். எனினும் அது முழுத் தன்னியக்கமாகவும் இயங்கக்கூடியது. பயிர்ப் பாதுகாப்புக்கெனப் பொதுமக்களுக்கு வழக்கமாக வழங்கப்படுவது போர 12 ரகத் துப்பாக்கியே. ஏனையவை படையினருக்கும் பொலிஸாருக்கும் உரியவை. ஆயினும் சிக்கலின் காரணங்கள் எல்லா வகைகளுக்கும் ஏறத்தாழ ஒன்றே.

முதற் காரணம் கோது. வெடிக்கும்போது அது விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி, மறுகணமே சுருங்கி விடுபட வேண்டும். அறை துருப்பிடித்து அரிக்கப்பட்டிருந்தால் கோது அந்தப் பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். பழைய காகிதக் கோதுத் தோட்டாக்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து இறுகிவிடும். அளவு பொருந்தாத தோட்டாவும், உள்ளூரில் மீண்டும் மருந்து நிரப்பப்பட்ட கோதும் இதே விளைவைத் தரும்.

இரண்டாவது காரணம் துருவும் அழுக்கும். மூடுபனி சூழ்ந்த ஹப்புத்தளையிலும் நமுனுகுலவிலும் இரும்பு எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கும் என்பதை வீட்டில் கத்தி வைத்திருக்கும் எவரும் அறிவர். துப்பாக்கியை அடுப்பங்கரைப் பரணில் வைத்தால் ஈரம் அணுகாது என்று சிலர் நம்புகின்றனர். அங்கே ஈரத்துக்குப் பதிலாக விறகுப் புகையின் கரி படிகிறது. அக்கரி எண்ணெயோடு கலந்து தாராக இறுகிவிடுகிறது. நீண்டகாலம் எடுக்கப்படாத குழலுக்குள் குளவி மண்கூடு கட்டிவிடுவதும் உண்டு. அதை அறியாமல் சுட்டால் குழலே வெடித்துவிடலாம்.

மூன்றாவது காரணம் எம்மவர் பெரும்பாலும் எண்ணிப் பாராதது. அதுவே தேங்காயெண்ணெய். வீட்டில் எப்போதும் கைக்கெட்டும் எண்ணெய் என்பதால் பூட்டுக்கும் அதுவே, துப்பாக்கிக்கும் அதுவே. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸ் வெப்பத்துக்குக் கீழே உறையத் தொடங்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலுள்ள பண்டாரவளையிலோ, அதனிலும் உயர்ந்த ஹப்புத்தளையிலோ விடியற்காலையில் போத்தலுக்குள் அது வெண்மையாக உறைந்து நிற்பதை நாம் காண்கிறோம். போத்தலில் உறைவது போல்ட்டின் இடுக்கிலும் உறையும். பகலில் இலகுவாக ஓடிய போல்ட், பன்றி வரும் பின்னிரவில் அசைய மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய கனிய எண்ணெயை ஒரு துளி மட்டும் இட்டுத் துடைத்துவிடுவதே தக்கது.

சிக்கிய போல்ட்டை வன்முறையால் திறக்க முற்பட்டால் என்ன நேரும் என்பதற்கு உலக வரலாற்றில் சான்று உண்டு. முதலாம் உலகப் போரில் கனேடியப் படையினர் ரொஸ் எனப்படும் துப்பாக்கியுடன் களமிறங்கினர். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில், சேறும் அளவு சற்று மாறுபட்ட தோட்டாக்களும் சேர்ந்து அத்துப்பாக்கியின் போல்ட்டை இறுகச் செய்தன. வீரர்கள் சப்பாத்துக் காலால் உதைத்தும் மண்வெட்டியால் அடித்தும் அதைத் திறந்தனர். பின்னே வந்து தடையில் மோதிய போல்ட்டின் பற்கள் நசுங்கி, அடுத்த தடவை முன்னிலும் மோசமாகச் சிக்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அதை வீசிவிட்டு, வீழ்ந்து கிடந்த பிரித்தானிய வீரர்களின் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டனர். 1916இல் ரொஸ் போர்முனையிலிருந்து விலக்கப்பட்டது. வியட்நாமில் அமெரிக்கரின் எம்-16 துப்பாக்கிகளிலும் வெற்றுக் கோதுகள் அறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டன. துப்புரவு செய்யாத வீரர்களே குற்றவாளிகள் என்று முதலில் பழி சுமத்தப்பட்டது. வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டதும், அறைக்குக் குரோமியப் பூச்சு இடப்படாததும், துப்புரவுக் கருவிகள் போதாமையும் 1967ஆம் ஆண்டுக் காங்கிரஸ் விசாரணையின்போது வெளிச்சத்துக்கு வந்தன. காரணம் அறியாமல் கை வைத்தால் சிக்கல் தீராது என்பதே இவ்விரு வரலாறுகளும் உணர்த்தும் பாடம்.

ஆகவே முறையான வழி எது? முதலாவதாக, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, குழலின் வாயை மனிதரோ வீடோ இல்லாத மண்மேட்டை நோக்கித் திருப்பிப் பிடிக்க வேண்டும். விசையை இழுத்தும் வெடிக்காமல் போயிருந்தால், அதே நிலையில் குறைந்தது 30 விநாடிகள் அசையாது நிற்க வேண்டும். கேப்பில் பற்றிய தீ மருந்தைச் சென்றடையத் தாமதமாகி, சில கணங்கள் கழித்து வெடிப்பதுண்டு. இடியன் வகையாயின் இரண்டு நிமிடங்களாவது காத்திருத்தல் அவசியம். வழமைக்கு மாறாக மெல்லிய சத்தத்துடன் வெடித்திருந்தால் குண்டு குழலின் நடுவே நின்றிருக்கலாம். அதன் பின் இன்னொரு தோட்டாவை நுழைத்துச் சுடுவது குழலைப் பிளந்துவிடும்.

இரண்டாவதாக, மகசின் உள்ள துப்பாக்கியாயின் முதலில் அதைக் கழற்ற வேண்டும். அரைத் தன்னியக்கத் துப்பாக்கியில் இதுவே தலையாய விதி. சிக்கிய கோது விடுபட்ட அதே கணத்தில், போல்ட் முன்னே பாய்ந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடும். கோதை அகற்றிவிட்டோம், இனித் துப்பாக்கி வெறுமையானது என்று நம்புபவரின் கையில் இருப்பது நிரப்பப்பட்ட துப்பாக்கியாகும்.

மூன்றாவதாக, போல்ட் எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பாதி திறந்திருந்தால், வளைந்த கோதோ இரட்டைத் தோட்டாவோ இடையில் அகப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த இடுக்கினுள் விரலை நுழைக்கக் கூடாது. சுருள்வில் விடுபட்டால் விரல் நசுங்கும். போல்ட் முழுவதும் மூடியிருந்தால், உள்ளே வெடிக்காத தோட்டா இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். கைப்பிடியைக் கையால் சீராக ஒருமுறை, இருமுறை இழுத்துப் பார்க்கலாம். அசையவில்லையாயின் அத்துடன் நிறுத்த வேண்டும். வெடிக்காத தோட்டாவுடன் இறுகிய போல்ட்டைத் திறப்பது பயிற்சி பெற்ற ஆயுதத் திருத்துநரின் வேலையாகும்.

உள்ளே இருப்பது வெடித்து முடிந்த வெற்றுக் கோதுதான், அல்லது அறை வெறுமையாகவே உள்ளது என்று கண்ணால் உறுதிசெய்த பின்னரே எண்ணெய்க்கு இடமுண்டு. துருவில் ஊடுருவும் எண்ணெயைப் போல்ட்டின் விளிம்புகளில் சில துளிகள் இட்டு ஓர் இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். பொறுமையே இங்கு முதற் கருவி. மறுநாளும் அசையாவிடின் திருத்துநர் மரச் சுத்தியல், பித்தளைக் கோல் போன்ற மென்மையான கருவிகளையே பயன்படுத்துவார். இரும்பு இரும்பை நசுக்கும். மரமும் பித்தளையும் தாம் நசுங்கி இரும்பைக் காக்கும். விடுபட்ட பின்னர் அறையில் ஒட்டியிருக்கும் எண்ணெயை முற்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். அறையில் எண்ணெய் இருந்தால் கோது சுவரைப் பற்றாமல் வழுக்கி, வெடிப்பின் விசை முழுவதையும் போல்ட்டின் மீதே செலுத்தும்.

செய்யக் கூடாதவை இவற்றினும் முக்கியமானவை. வெடிக்காத தோட்டா உள்ளே இருக்கக் குழலின் வாய் வழியாகக் கம்பியை விட்டு இடிக்கக் கூடாது. போல்ட்டின் பின்பக்கத்தைச் சம்மட்டியாலோ கல்லாலோ அடிக்கக் கூடாது. இறுகிய இரும்பை இளக்கலாம் என்று அடுப்பில் காட்டக் கூடாது. மருந்துக்குத் தீ வேறு, சூடு வேறு என்று தெரியாது. அடிப்பகுதியை நிலத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காலால் உதைக்கக் கூடாது. அப்போது குழலின் வாய் உதைப்பவரின் முகத்துக்கு நேரே இருக்கும். சிக்கிய துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் பதுளைக்குப் புறப்படுவதும் தகாது. இருந்த இடத்திலேயே பாதுகாப்பாக வைத்து, சிறுவர்களை அப்புறப்படுத்தி, அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அல்லது 119 இலக்கத்துக்கு அறிவிப்பதே முறை. காயம் ஏற்பட்டுவிட்டால் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம். மடுல்சீமையின் மேற்பிரிவுத் தோட்டமொன்றிலிருந்து பதுளை போதனா வைத்தியசாலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை அங்குள்ளோருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் அனுமதிப்பத்திரம் உள்ளவருக்குப் பொருந்தும். அவருக்குப் பொலிஸ் நிலையம் உண்டு. உரிமம் பெற்ற திருத்துநரும் உண்டு. அனுமதிப்பத்திரம் இல்லாதவரின் நிலை யாது? இதுவே இப்பிரச்சினையின் மையம் என்று நாம் கருதுகின்றோம். அவரது துப்பாக்கி சிக்கினால் அவர் எவரிடமும் செல்ல முடியாது. காட்டினால் சிறை. ஆகவே கதவைத் தாழிட்டு, குப்பி விளக்கொளியில், கையில் கிடைத்த சம்மட்டியுடன் தாமே திருத்துநராகிறார். பத்தடிச் சதுர லயன் அறையில் அவருக்கு அருகிலேயே மனைவியும் பிள்ளைகளும் உறங்குகின்றனர். சட்டத்துக்கு அஞ்சிய அச்சம், வெடிமருந்துக்கு அஞ்ச வேண்டிய அச்சத்தை விழுங்கிவிடுகிறது.

கட்டுத்துவக்கின் கதை இதனிலும் கொடியது. பன்றியின் பாதையில் கட்டப்படும் அது பன்றியையும் மனிதரையும் வேறுபடுத்தி அறியாது. விறகு பொறுக்கச் சென்ற பெண்ணின் காலையும், கொழுந்து மலைக்குக் குறுக்கு வழியில் நடந்த தொழிலாளியின் காலையும் அது சிதைத்துவிடுகிறது. இரவில் வெடிக்காத கட்டுத்துவக்கும் ஒரு சிக்கிய துப்பாக்கியே. காலையில் அதனை அவிழ்க்கச் செல்பவர், ஏன் வெடிக்கவில்லை என்று அறியாமலே அதன் முன்னே குனிகிறார். கட்டியவரே அதற்குப் பலியாவதும் உண்டு. பற்றைக்குள் இவ்வாறான ஒன்றையோ, மண்ணுக்குள் பழைய தோட்டாக்களையோ காண்பவர் அதனைத் தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று அறிவிப்பதே அறிவுடைமையாகும்.

காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு அன்று என்பது உண்மையே. ஆனால் அந்த உண்மை கட்டுத்துவக்குக்கு அனுமதி அளிக்கவில்லை. அயலவரின் உயிருக்கு ஆபத்தான பொருளை வழியிலிருந்து அகற்றுவதை நம்பிக்கையின் ஒரு பகுதியாக இஸ்லாம் போதிக்கிறது. பிற உயிருக்கு ஊறு செய்யாமையை எம் தமிழ் அறநூல்கள் தலையாய அறங்களுள் வைத்தன. பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின்னரும், தோட்டக் கோவிலின் திருவிழாக் கூட்டத்திலும், தேவாலயத்திலும் இது பற்றி ஐந்து நிமிடம் பேசினால், சுவரொட்டிகள் செய்யாததை அது செய்யும்.

அதிகாரத்தில் உள்ளோருக்கும் இதில் பொறுப்புண்டு. ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும்போது, பத்திரத்துக்கு முத்திரை குத்துவதோடு நின்றுவிடாமல் துப்பாக்கியின் அறையையும் போல்ட்டையும் ஆயுதத் திருத்துநர் ஒருவர் பரிசோதிக்க ஒழுங்கு செய்யப்படல் வேண்டும். துப்புரவு, பாதுகாப்பு பற்றிய கையேடு தமிழிலும் வழங்கப்படல் வேண்டும். அறியாத மொழியில் அச்சிட்ட எச்சரிக்கை எச்சரிக்கையாகாது. 2020 பெப்ரவரியில் சட்டவிரோத ஆயுதங்களை ஒப்படைக்கப் பாதுகாப்பு அமைச்சு ஒரு வாரப் பொதுமன்னிப்பை அறிவித்தது. ஒரு வாரம் என்பது, செய்தி தோட்டத்தின் கடைசி லயத்தை எட்டுவதற்கே போதாது. நீண்ட கால அவகாசத்துடன், கேள்வி கேட்காமல் பெற்றுக்கொள்ளும் நிலையங்கள் பசறை, லுணுகலை, ஹப்புத்தளை, வெலிமடை போன்ற இடங்களில் அமைக்கப்பட வேண்டும். சிக்கிய துப்பாக்கியை உள்ள நிலையிலேயே வந்து பெற்றுச்செல்லும் ஏற்பாடும் அதில் அடங்க வேண்டும். அத்துடன், பன்றியைத் தடுக்கும் வேலிக்கு உதவி கிடைத்தால் துப்பாக்கியின் தேவையே பாதி குறைந்துவிடும். தரிசாகிக் காடாகிப்போன மலைகளைத் துப்புரவு செய்யும் கடமை பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு உரியது.

அதுவரை வாசகர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. துப்பாக்கி சிக்கிவிட்டால் அது செத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். மகசினைக் கழற்றுங்கள், குழலை மண்மேட்டின் பக்கம் திருப்புங்கள், சம்மட்டியைக் கீழே வையுங்கள். பழுதான துப்பாக்கியைத் திருத்த ஆள் உண்டு. பறிபோன கண்ணையும் கையையும் திருத்தித் தர எவரும் இல்லை.